உரலடிப் பாவை: மலைப் பயணங்களும் மலைப் பெண்களும்

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் எழுதியதையும் காணொளியாகப் பதிவிட்டதையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். திருச்சியிலிருந்து விடியலில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்கிற தூரம்தான். அதனால் எங்கள் பக்கத்து ஆட்களின் பதிவுகள் நிறையவே கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் மூன்று விஷயங்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு, அறப்பளீஸ்வரர் கோயில் அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பார்க்கும் ஆகாய கங்கை அருவி. மூன்று, கொல்லிப் பாவை. முதல் இரண்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதிவுகளில் வரும் பாவையின் கதை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. தவம் செய்த முனிவர்களுக்குத் தொல்லை கொடுத்த அரக்கர்களை ஒழிக்க, மலையில் ஒரு பெண்ணுருவைச் செய்து நிறுத்தினார்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் உயிரோடு திரும்பமாட்டான். இன்று மலையில் எட்டுக்கை அம்மனாகக் கும்பிடப்படுபவள் அவள்தான் என்பார்கள். கதையைச் சொல்கிறவர் கேமராவைக் காட்டுப் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்திக்கொள்வார். கூடவே, “சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்.

அதே பதிவில் சற்று நேரம் கழித்து இன்னொரு பெண் வருவார். சாலையோரம் அன்னாசியோ மிளகோ பலாச்சுளையோ வைத்து விற்கிறவர், அல்லது தலையில் விறகுக் கட்டோடு எதிரே நடந்துவருகிறவர். கேமராவைப் பார்த்து அவரும் சிரிப்பார். “வெள்ளந்திச் சிரிப்பு” என்று அதற்கு ஒரு பெயர் சூட்டுவார்கள். பழம் என்ன விலைக்குப் போனது, விறகு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எந்த நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் கேட்கப்படாது. சிரித்துக் கொல்லும் பாவை, சிரித்து வரவேற்கும் பாமரப் பெண் என்று இரண்டு பெண்கள். ஒருத்தி பயமுறுத்துகிறாள், ஒருத்தி ஆறுதல் தருகிறாள். ஆனால் பயணிக்காக இருவருக்கும் ஒதுக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: சிரிப்பது.

பயண எழுத்து தான் போன ஊரின் பெண்ணைப் பாவையாக்கி வைக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்குச் சங்க இலக்கியத்தைச் சாட்சிக்கு அழைப்பதால், தமிழ் படித்தவள் என்ற முறையில் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் கடமை எனக்கு இருக்கிறது.

பாடல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். நற்றிணை 201இல் பரணர் காட்டும் பாவை கொல்லியின் மேற்குச் சரிவில் நிற்கிறது. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் அழகு குலையாத உருவம் அது. அதுபோல அவள் என் நெஞ்சை விட்டு நீங்கமாட்டாள் என்கிறான் தலைவன். கொலையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அழியாமல் நிற்பதுதான் அங்கே பாவையின் பண்பு. அகநானூறு 209இல் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்த செய்தியைச் சொல்லிவிட்டு, அந்த மலையிலுள்ள பாவையை நினைக்கிறார். கொலை இந்தப் பாட்டில் உண்டு. கொன்றவன் ஓர் அரசன், கொல்லப்பட்டவன் இன்னோர் அரசன், மலை கைமாறிய சொத்து. இத்தனைக்கும் நடுவே பாவை யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த இரண்டு பாடல்களும் குறுந்தொகையில் உள்ளவை. என் வாதத்துக்கு அவைதான் முக்கியமானவை. 100ஆம் பாட்டு கபிலருடையது, தலைவன் பேசுகிறான். அருவி பாயும் இடத்தில் ஐவன நெல்லை விதைக்கிறார்கள். இடையில் முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களையாகப் பிடுங்கி எறிகிறார்கள். அந்தச் சிற்றூருக்குப் பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஓரியின் கொல்லிமலைப் பாவை போன்றவள் அவள், அவளை அடைவது அரிது என்று பாட்டு முடிகிறது. காதலைச் சொல்லும் சின்னஞ்சிறு பாட்டுக்குள் விதைப்பு, களையெடுப்பு, பசி, விற்பனை நான்கும் வந்துவிட்டன. மலைமல்லிகை என்றதும் வாசனையைப் பாடாமல், அது உழவருக்குக் களை என்று சொல்லத் தெரிந்த கவிஞர் கபிலர். மலைக்குப் போய்ப் பூவைப் படம்பிடிக்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவலையாவது சொல்லியனுப்ப வேண்டும்.

89ஆம் பாட்டு மீண்டும் பரணருடையது, தோழி பேசுகிறாள். அடி பரந்த உரலில் தானியம் குற்றிக்கொண்டே பெண் வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அதைக் கேட்டு அயலார் வம்பு பேசுகிறார்கள். பேசினால் பேசட்டும், இந்த அறிவில்லாத ஊருக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்கிறாள் தோழி. பொறையனுடைய கொல்லிமலையில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்ற பெண் என்று அவள் சொல்வது, உரலடியில் உலக்கையோடு நிற்கிறவளைத்தான்.

முனைவர் பட்டத்துக்காகக் குறுந்தொகையோடு பல ஆண்டுகள் கிடந்தவள் நான். என்றாலும், இந்த இரண்டு பாடல்களையும் கொல்லிமலைப் பதிவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது கிடைத்த வெளிச்சம் வேறு. ஆண் பேசும் பாட்டில் பாவை எட்டாத அழகு. பெண் பேசும் பாட்டில் அதே பாவை வேலை செய்கிறது, பாடுகிறது, ஊர்ப்பேச்சுக்கு ஆளாகிறது, தோழியின் ஆதரவைப் பெறுகிறது. ஆண் கூற்றிலும்கூட அழகைச் சுற்றி உழவும் பசியும் இருந்தன. பயணப் பதிவு இவை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் பாவையை மட்டும் பெயர்த்து எடுத்து வந்திருக்கிறது. நம் பாடநூல்களும் இதைச் செய்திருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “கொல்லிப் பாவை: அழகுக்கு உவமை” என்று ஒரு மதிப்பெண் விடையாகத்தான் அவளை நாம் வகுப்பில் சந்தித்தோம்.

முதுகலை வகுப்பில் ஒருமுறை ஒரு பயிற்சி கொடுத்தேன். மலைப் பயணங்களைப் பற்றிய சில கட்டுரைகளைப் பிரதி எடுத்துக் கொடுத்து, மலைவாழ் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எந்தெந்த வினைச்சொற்கள் கிடைத்திருக்கின்றன என்று அடிக்கோடிடச் சொன்னேன். ஆண்களுக்குக் கிடைத்தவை: சொன்னார், காட்டினார், அழைத்துப் போனார், விளக்கினார். பெண்களுக்குக் கிடைத்தவை: நின்றாள், சிரித்தாள், வெட்கப்பட்டாள், பரிமாறினாள். விகுதியைக் கவனியுங்கள். ஐம்பது வயது ஆணுக்கு ‘ஆர்’ போட்ட அதே கை, அறுபது வயதுப் பெண்ணுக்கு ‘ஆள்’ போட்டிருந்தது.

அன்றைக்கு வகுப்பு சிறுதானியத்தில் போய் நின்றது. நாங்கள் எடுத்துக்கொண்ட கட்டுரைகளில் பாதிக்கு மேல், கொல்லிமலையின் சாமையும் திணையும் பனிவரகும் அருகிப்போனதற்கு வருத்தப்பட்டிருந்தன. உரலில் குற்றிச் சமைத்த அந்தக் காலத்து ருசியும் ஆரோக்கியமும் போயிற்றே என்று ஒரு பத்தி எல்லாவற்றிலும் இருந்தது. துறையூர்ப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி, வழக்கமாக வாய் திறக்காதவள், எழுந்தாள். “எங்க அம்மாச்சி பச்சமலை மேம். குத்துன சாமை குத்துன சாமைன்னு எல்லாரும் எழுதுறாங்க. ஊருக்கு மில்லு வந்த அன்னிக்குத்தான் அம்மாச்சி மொதமொதலா சாயங்காலத்துல சும்மா உக்காந்து வெத்தல போட்டாங்களாம்.”

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எங்களால் அந்தக் கட்டுரைகளைப் பழையபடி படிக்க முடியவில்லை. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமையும் பனிவரகும் திணையும் அப்படியல்ல, உமி நீக்கினால்தான் உணவு. அந்த உமியை நீக்கியது பெண்களின் தோளும் முதுகும் இடுப்பும். கொல்லிமலையில் சிறுதானியங்கள் குறைந்து மரவள்ளி பரவியதற்குக் காரணங்கள் பல. மரவள்ளிக்கு லாரி வருகிறது, கையில் பணம் வருகிறது, சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. அந்தக் காரணங்களோடு உரலையும் சேர்த்து எண்ண வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்க வேலை செய்தபோது, விதையோடு சேர்த்து உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. குற்றும் பாட்டைக் குறைக்காமல் பயிரை மட்டும் மீட்க முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்தக் கதிர் விதைக்கு, எதை எப்படிக் காயவைத்து எதில் சேமிப்பது என்பது மலையில் பெண்களின் அறிவாக இருந்தது. சாமை போய் மரவள்ளி வந்தபோது உலக்கையின் பாரம் இறங்கியது உண்மை. விதைப்பானையின் மீதிருந்த அதிகாரமும் அதோடு இறங்கியது. தரகரிடம் விலை பேசுவதும் பணத்தை எண்ணி வாங்குவதும் ஆண் வேலை என்றாகும் இடத்தில், காட்டில் உழைத்தவளின் கணக்கு அடிபட்டுப் போகும். ஆக, “பழசு எல்லாம் பொன்” என்று எழுதுகிறவரும் “மலை முன்னேறிவிட்டது” என்று எழுதுகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். உரலடியில் நின்றவளிடம் இரண்டு பேருமே கேட்கவில்லை. 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டில் தில்லைநகர்க் கடைகளில் அழகான பைகளில் சாமை வந்திறங்கியது. பையின் மேல் ஒரு மலைப்பெண்ணின் படம். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இது நம் மலைக்கு மட்டுமான வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. துருக்கிக்குப் போய்வந்த தமிழர்களின் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. அதில் கருங்கடல் கரைப் பகுதியைப் பற்றிய ஒன்றை மாணவிகள் எனக்குப் பரிந்துரைத்தார்கள். “நம்ம ஊட்டி மாதிரியே இருக்கு” என்பது அவர்களுடைய வியப்பு. வடகிழக்குத் துருக்கியின் ரிசே மாகாணத்தில் மலை கடலிலிருந்து நேராக எழுகிறது. மழை கொட்டும் அந்தச் சரிவுகளில் தேயிலை. அது பழங்காலத்துப் பயிர் அல்ல. 1924இல் சட்டம் போட்டு ஊக்குவித்தார்கள், 1947இல் ரிசேயில் முதல் தேயிலை ஆலை வந்தது. இன்று துருக்கிக்காரர் கையில் இருக்கும் துலிப் வடிவக் கண்ணாடிக் குவளைத் தேநீருக்கு இலை பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பை பொருத்திய கத்தரியால் இலையைக் கத்தரித்து, முதுகில் கூடை சுமந்து, சறுக்கும் சரிவில் ஏறி இறங்குகிறார்கள்.

காணொளியில் பார்த்தது என்ன? பச்சைச் சரிவு, கோடு போட்ட முக்காட்டுத் துணி, கூடை, சிரிப்பு. மொழி தெரியாத நாட்டிலும் நம் ஆட்கள் நம் மலையில் எடுத்த அதே படத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கூடையின் எடையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதே ரிசேயின் மேல்மலையில், ‘யைலா’ என்று சொல்லப்படும் கோடைக்கால மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. கோடையில் மாடுகளோடு மேலே போய்த் தங்கி, பாலும் வெண்ணெயுமாக உழைப்பதில் பெண்களுக்குத்தான் பெரிய பங்கு. இந்த நிலங்களை எல்லாம் சுற்றுலாவுக்காக இணைக்க, 8 மாகாணங்கள் வழியே சுமார் 2,600 கிலோமீட்டருக்குப் ‘பசுமைச் சாலை’ என்று ஒரு திட்டம் போட்டார்கள். 2015 ஜூலையில் இயந்திரங்கள் சமிஸ்தால் மேய்ச்சல் நிலத்துக்கு வந்தபோது உள்ளூர் மக்கள் மறித்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒரு மூதாட்டி ‘ஹவ்வா அன்னை’ என்று நாடு முழுக்க அறியப்பட்டார். அரசு என்பது யார், எங்களால்தானே அது அரசாக இருக்கிறது என்ற பொருளில் அவர் கேட்ட கேள்வி துருக்கியில் பரவலாகப் பேசப்பட்டது. சுற்றுலாப் படத்தில் கூடையோடு சிரித்துக்கொண்டிருக்கும் பெண்களின் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் அவர். படத்தில் அவருக்குக் குரல் இல்லை. சாலைக்குக் குறுக்கே நின்றபோதுதான் குரல் கேட்டது.

இதை வைத்துச் சாலையே வேண்டாம் என்று முடிவு கட்டுவதற்கில்லை. கொல்லிமலையின் 70 வளைவுகள் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குச் சாகசம். பேறுகாலத்தில் இருக்கும் பெண்ணுக்கு அவை மருத்துவமனைக்கு இடையே இருக்கும் தூரம். கல்லூரியில் சேர்ந்த மலைப்பெண்ணுக்கு அவை வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகும் வழி. கொல்லிமலைப் பெண்களுக்குச் சாலையும் பேருந்தும் இன்னும் கூடுதலாக வேண்டும். ரிசேயின் பெண்களும் எல்லாச் சாலைகளையும் எதிர்க்கவில்லை. யாருக்காகப் போடுகிறாய், எங்களைக் கேட்டாயா என்பதே அங்கே எழுந்த கேள்வி. ‘கொண்டை ஊசி’ என்கிற சொல்லைக்கூடப் பாருங்கள். பெண்ணின் தலையிலிருந்து எடுத்த உருவகம் சாலைக்குப் பெயராகிவிட்டது. அந்த வளைவில் அவள் எப்போது, எதற்காக ஏறி இறங்குகிறாள் என்பது மட்டும் பயணக் கட்டுரையில் இடம் பெறவில்லை.

பார்க்கிறவர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நான் பார்க்கப்படும் ஊரில் வாழ்கிறவள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் 7 பிரகாரங்கள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர், 1987இல் முடிந்த 236 அடி ராஜகோபுரம் என்று எண்களாகப் பயணிகளுக்கு அறிமுகமாகும் ஊர். அந்த எண்களுக்கு நடுவே அலங்காரமாக நாங்கள் வருவோம். உத்தர வீதியில் குனிந்து கோலம் போடுகிறவள், சித்திரை வீதியில் பூக்கட்டுகிறவள், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் காதோலை கருகமணியைக் காவிரியில் விடுகிறவள். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கக் குனிந்தவள் நிமிர்வதற்குள் யாரோ ஒருவருடைய கேமராவில் ‘பாரம்பரியம்’ ஆகிவிடுகிறாள். அனுமதி கேட்கிறவர்கள் குறைவு. கேட்டவர்களும் “நிமிராம அப்படியே இருங்க” என்று சொல்வார்கள். நிமிர்ந்தால் படம் கெட்டுவிடும்.

ஆடி 18 அன்று அம்மா மண்டபத்தில் எங்களைப் படம் பிடிக்கும் அதே நேரத்தில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசு எடுக்கும் விழா. செம்மேட்டில் ஓரிக்குச் சிலையும் இருக்கிறது. வில்லாளிக்குச் சிலை இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஐவனம் விதைத்தவர்களும் உரலில் குற்றியவர்களும் அதே பாடல்களில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன். மலையில் விழும் ஆகாய கங்கையின் தண்ணீர் புளியஞ்சோலை வழியாக இறங்கி வந்து காவிரியில் சேர்கிறது. நாங்கள் படித்துறையில் கும்பிடும் தண்ணீரில் அந்த மலையின் பங்கும் உண்டு. படித்துறைப் பெண்ணும் மலைப்பெண்ணும் ஒரே சட்டத்துக்குள் மாட்டப்படுகிறவர்கள்தான். ஆனால் சாதியும் படிப்பும் நகரமும் தரும் வசதி எனக்கு இருக்கிறது, நான் பதிலுக்கு எழுதிவிட முடியும். பழங்குடிப் பெண் எழுதும் கொல்லிமலைப் பயண நூல், அதாவது அவர் இறங்கி வந்து நம் ஊரைப் பார்த்து எழுதுவது, நம் பதிப்பாளர்களின் பட்டியலில் எங்கே இருக்கிறது?

பெண் பயணம் போனால் இந்தப் பார்வை தானாக மாறிவிடும் என்றும் நான் நம்பவில்லை. பெண்கள் எடுத்த காணொளிகளிலும் அதே வெள்ளந்திச் சிரிப்பைப் பார்க்கிறேன். ஆனாலும் பெண்ணின் பயணத்துக்கு வேறொரு வாய்ப்பு இருக்கிறது. அதற்கு எங்கள் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்வேன். முசிறியில் 1925இல் பிறந்த ராஜம் கிருஷ்ணன், சின்ன வயதிலேயே திருமணமாகி, கணவரின் வேலை மாற்றங்களோடு ஊர் ஊராகப் போனவர். அந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பயணம் என்பது பெரும்பாலும் கணவரின் மாற்றல் உத்தரவுதான். சிட்டியும் தி. ஜானகிராமனும் ‘நடந்தாய் வாழி காவேரி’ என்ற அருமையான நூலுக்காக ஆற்றங்கரை நெடுகப் போனது போல, நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த நேரம் வரை நின்று பார்க்கும் பயணம் அன்று ஒரு குடும்பப் பெண்ணுக்கு எளிதில் வாய்த்திருக்காது. தனக்கு வாய்த்த இடமாற்றத்தை ராஜம் கிருஷ்ணன் ஆய்வுப் பயணமாக மாற்றிக்கொண்டார். நீலகிரி வாழ்க்கையிலிருந்து படகர் சமூகத்தைப் பற்றிய ‘குறிஞ்சித் தேன்’ வந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனதிலிருந்து ‘கரிப்பு மணிகள்’ வந்தது.

‘குறிஞ்சித் தேன்’ நாவலை மாணவிகளுக்குப் பாடம் நடத்தும்போது நான் ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, பயணிக்கு ஒரு வாரத்துக் காட்சி. ராஜம் கிருஷ்ணனுக்கு அது காலத்தை அளக்கும் கோல். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையே நிலத்தில் என்ன பயிர் மாறியது, தேயிலையும் மின்திட்டமும் வந்து மலைவீடுகளுக்குள் எதை மாற்றின என்று பார்க்க அவருக்கு அது உதவியது. மலைமல்லிகையைக் களை என்று சொன்ன கபிலரின் கண்ணும் இதுவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவரும் வெளியிலிருந்து போனவர்தான், அந்த இடைவெளி நாவலில் முழுக்க மறைந்துவிடவில்லை. அவர் தங்கினார், கேட்டார், வேலையை வேலையாகப் பார்த்தார். இந்த மூன்றும் இருந்தால் வெளியாள் எழுதுவதற்கும் மதிப்பு உண்டு.

பாவை என்கிற சொல்லையும் பயணக்காரர்களிடம் விட்டுவிட வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் மார்கழி முழுக்கக் காதில் விழும் திருப்பாவையின் 30 பாடல்களில், பெண்கள் இருட்டோடு எழுந்து, தூங்குகிறவளின் வாசலில் நின்று குரல் கொடுத்து எழுப்பி, கூட்டமாகத் தெருவில் இறங்கிப் போகிறார்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், பெண்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போகும் பாட்டு அது. கண்ணின் கருமணிக்கும் பாவை என்றுதான் பெயர். பார்க்கப்படும் பொம்மைக்கும் பார்க்கும் மணிக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளில் பலர் அடுத்த விடுமுறையில் கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ போவீர்கள். துறைச் சுற்றுலா என்றாலும் தோழிகளோடு என்றாலும், போங்கள். வீட்டில் அனுமதி வாங்குவதே ஒரு பெரிய மலையேற்றம் என்பது எனக்குத் தெரியும். போய்வந்து எழுதவும் செய்யுங்கள். அருவியைப் பற்றி ஒரு பத்தி எழுதினால், அருவிக்கரைக் கடையில் தேநீர் போடும் பெண் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பலாப்பழத்தைப் பேரம் பேசாமல் வாங்குங்கள், அந்த மரம் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள், எழுதலாமா என்றும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எழுதும்போது வயதில் மூத்தவருக்கு ‘ஆர்’ விகுதி போடுங்கள். கடைசியாக, அவர் உங்களிடம் ஏதாவது கேட்டால், எங்கே படிக்கிறாய், என்ன படிக்கிறாய், கீழே பொண்ணுங்க தனியாத் தங்க இடம் கிடைக்குமா, என் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டால், அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்லுங்கள். விடுதிக் கட்டணம் எவ்வளவு, எந்தச் சான்றிதழ்கள் வேண்டும், எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது. உங்கள் பயணக் கட்டுரையில் அந்த உரையாடலும் இருக்கட்டும்.